உதிரி ஒன்று, தேவையில்லை

எங்கள் ஸ்கேன் அறையின் சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது. ‘தைக்காதது புத்தகமல்ல’ என்று கறுப்பு மையில், கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். எழுதியவள் நான். வாசகமும் என்னுடையதுதான். ஒன்பது வருடங்களாக அந்த அட்டையைப் பார்த்து உள்ளுக்குள் பெருமைப்பட்டிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் சொன்னால் நடிக்கிறாள் என்பீர்கள்.

நூலகத்தின் கீழ்த்தளத்தில் எங்கள் பிரிவு. மூடிப்போன கல்லூரிகளிலிருந்தும் ஆய்வகங்களிலிருந்தும் பழைய அறிவியல் புத்தகங்கள் மூட்டை மூட்டையாக வரும். தராசு, வெப்பமானி, காற்றுப்பம்பு, தொலைநோக்கி இவற்றைச் செய்வது எப்படி, பழுது பார்ப்பது எப்படி என்று நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ மெனக்கெட்டு எழுதி வைத்தவை. வந்ததும் முதலில் என் மேசைக்கு வரும். நான் பக்கம் பக்கமாகப் புரட்டி, இடையில் செருகிக் கிடப்பதையெல்லாம் எடுப்பேன். பஸ் டிக்கெட், மருந்துச் சீட்டு, காய்ந்த இலை, கொண்டை ஊசி, பாதியில் நின்றுபோன காதல் கடிதம். எல்லாம் ஓர் உறைக்குள் போகும். உறைமேல் புத்தகத்தின் எண், தேதி, உள்ளே எத்தனை உதிரி, தேவையா தேவையில்லையா, கீழே என் கையெழுத்து. ‘தேவை’ என்றால் மேல்தளத்து ஆவணப் பிரிவுக்குப் போகும். ‘தேவையில்லை’ என்றால் என் மேசைக்கடியில் இருக்கும் உதிரிப் பெட்டிக்கு. வருடக் கடைசியில் பெட்டியைக் காலி செய்வோம். ஒன்பது வருடத்தில் நான்கே முறைதான் ‘தேவை’ என்று எழுதியிருக்கிறேன். அதையும் ஒரு சாதனையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதற்குப் பிறகு புத்தகம் கத்திக்காரரிடம் போகும். அவருக்கு வேறு பெயர் உண்டு, நாங்கள் யாரும் கூப்பிட்டதில்லை. வெட்டு இயந்திரத்தில் புத்தகத்தை வைத்து முதுகை ஒரே வெட்டாக வெட்டித் தனித்தனித் தாளாக்குவார். தாள்கள் ஸ்கேன் இயந்திரத்துக்குள் ஓடும். கோப்பு சின்னதாக இருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு, அதனால் கறுப்பு வெள்ளை மட்டும்தான். மெல்லிய கோடு இருந்தால் காணாமல் போகும், மை கசிந்திருந்தால் கட்டியாகிவிடும். ஓடி முடித்த தாள்கள் கோணிப்பைக்குள் போய், மாதம் பிறந்ததும் காகித ஆலைக்குப் போகும். கூழாகும். “போய்ச் சேந்துட்டாரு” என்பார் கத்திக்காரர், ஒவ்வொரு கோணியையும் ஏற்றிவிட்டு. நாங்கள் சிரிப்போம்.

என் தம்பி என்னைவிட ஏழு வயது இளையவன். அறிவியல் அருங்காட்சியகத்தில் வேலை. பழைய கருவிகளைப் பழைய முறைப்படியே மறுபடி செய்து, வருகிறவர்களுக்கு இயக்கிக் காட்டுவான். அங்கே அவனுக்குப் பாதரசம் என்று பெயர். ஓரிடத்தில் நிற்க மாட்டான், பிடித்து வைக்கவும் முடியாது. எங்கள் வீட்டுக்கு வந்தால் என் சர்க்கரை டப்பாவையும் தண்ணீர்க் குழாயையும் வைத்தே ஏதாவது செய்து காட்டிவிட்டுத்தான் போவான். துடைப்பது என் வேலை.

“உன் கத்திக்காரர் வெட்டுறதுக்கு முன்னாடி நல்ல கருவிப் புத்தகம் ஏதாவது வந்தா எனக்கு அனுப்பு அக்கா” என்று நச்சரித்துக்கொண்டே இருப்பான். வெட்டுவதற்கு முன்னால் எதையும் வெளியே கொடுக்கக் கூடாது. ஸ்கேன் ஆனபிறகு கோப்பை அனுப்புவேன். அப்படி அனுப்பியதுதான் அந்தப் புத்தகம். கருவி செய்வதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், பள்ளிக்கூடங்களுக்காக நம் மொழியில் எழுதி, தன் செலவில் அச்சடித்தது. ஒவ்வொரு கருவிக்கும் படம், அளவு, செய்முறை. எண்களெல்லாம் பழைய தமிழ் எண்கள். ஒன்று, க மாதிரி இருக்கும். நான்கு, ச மாதிரி இருக்கும். இரண்டுக்கும் கால் கீழே இழுத்துவிட்டிருக்கும். எனக்கும் தம்பிக்கும் அது தண்ணீர் பட்ட பாடு. பள்ளிக்கூட மதிப்பெண்களை அப்பாவிடமிருந்து மறைக்க, சின்ன வயதில் நாங்கள் அந்த எண்களில்தான் எழுதிக்கொள்வோம்.

அந்தப் புத்தகத்திலிருந்து அவன் எடுத்துக்கொண்டது அழுத்த நீரூற்று. பூசணிக்காய் அளவுக்கு ஒரு கண்ணாடிக் குடுவை. பாதிக்குத் தண்ணீர். வாயில் பித்தளை மூடி, அதில் ஒரு திருகு. கைப்பம்பால் உள்ளே காற்றை அழுத்தி ஏற்றிவிட்டுத் திருகைத் திறந்தால், தண்ணீர் கூரைவரை பீய்ச்சி அடிக்கும். எத்தனை முறை பம்பை அழுத்த வேண்டும் என்று நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் போட்டிருந்தது. ‘புத்தகத்தில் உள்ளபடியே’ என்பது அந்தக் கண்காட்சிக்கு இயக்குநர் வைத்த தலைப்பு. அழுத்தமானி கூடாது, புத்தகத்தில் அது இல்லை என்று சொல்லிவிட்டார்.

கண்காட்சி திறப்பதற்கு முந்தின நாள் காலை, ஒத்திகை. தம்பி எண்ணிக்கொண்டே அழுத்தியிருக்கிறான். முப்பத்தாறாவது அழுத்தலில் தண்ணீர் மட்டத்தைப் பார்க்க முகக்கவசத்தைத் தூக்கிவிட்டுக் குனிந்திருக்கிறான். குடுவை வெடித்தது.

இரண்டு கண்களும் போய்விட்டன. ஒன்றை எடுத்தே விட்டார்கள். இன்னொன்று பெயருக்கு இருக்கிறது.

நான்கு மாதம் கழித்து விசாரணை அறிக்கை வந்தது. அதிகாரி மரியாதையான ஆள், குரலை உயர்த்திப் பேசியதே இல்லை. அறிக்கையிலும் குரல் உயரவில்லை. அதே புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு வேறொரு நூலகத்தில் கிடைத்ததாம். அதில் பத்து முறை என்று தெளிவாக இருக்கிறதாம். நம்மிடம் இருக்கும் முதல் பதிப்பின் ஸ்கேனில் அந்த எண் கலங்கலாக இருக்கிறது. ஆனால் அது பத்தாகத்தான் இருக்க முடியும். ஆகவே, ‘செயல்விளக்கப் பணியாளர் பழைய எண்ணைத் தவறாகப் படித்து, பத்து என்பதை நாற்பது என்று கொண்டதே விபத்துக்குக் காரணம்.’ இதை ஒப்புக்கொண்டு திங்கட்கிழமை அவன் கையெழுத்துப் போட்டுவிட்டால் விவகாரம் முடிந்துவிடும்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த தம்பி மனைவி வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணி, நீங்களாவது சொல்லுங்க. மூணு நாளா சரியா சாப்பிடல. மேசையில விரலால எழுதிக்கிட்டே இருக்காரு. கேட்டா பதிலே இல்ல.”

அவன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். நகராமல் உட்கார்ந்திருக்கும் தம்பி எனக்கு இன்னும் பழகவில்லை. ஆள்காட்டி விரலால் மேசைமேல் எழுதினான், உள்ளங்கையால் அழித்தான், மறுபடி எழுதினான். அழிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை.

“அக்காவா?”

“ஆமாடா.”

“உக்காரு. உன் கைய குடு. இல்ல, என் கைய நீ பிடி. ரெண்டையும் எழுதிக் காட்டு.”

எந்த இரண்டு என்று நான் கேட்கவில்லை. அவன் உள்ளங்கையை விரித்து ௧ எழுதினேன். பிறகு ௪ எழுதினேன்.

“மறுபடி. மெதுவா.”

எழுதினேன்.

“வேற வேற மாதிரிதான இருக்கு? கையில எழுதினாலே தெரியுது. அப்ப கண்ணால பாத்தவனுக்கு எப்படித் தெரியாம போச்சு?” அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “நான் பாத்தது நாலு அக்கா. ச மாதிரி இருந்துச்சு. சத்தியமா. ஆனா அவங்க அத்தனை பேர் உக்காந்து பாத்து ஒண்ணுன்னு சொல்றாங்க. அப்ப கண்ணு போறதுக்கு முன்னாடியே எனக்குக் கண்ணு இல்லையா?”

“பேத்தாதடா.”

“இல்ல, தெரிஞ்சுக்கணும். கண்ணு போனது போச்சு. அதுக்கு நான் அழுது முடிச்சாச்சு. ஆனா என் தப்பால போச்சா, இல்லையா? இது ஒண்ணு மட்டும் தெரிஞ்சா போதும். தெரியாம எப்படிக் காலத்த ஓட்டுறது, சொல்லு.” பிறகு கொஞ்சம் தணிந்து, “எண்ணிக்கை ஜாஸ்தியா இருக்கேன்னு எனக்கே தோணுச்சு. உனக்குக்கூட ஃபோன் பண்ணினேனே, ஞாபகம் இருக்கா?” என்றான்.

இருந்தது. விபத்துக்கு இரண்டு நாள் முன்னால். நான் மேசையில் அடுத்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ‘அக்கா, நீரூற்றுக்கு ஒரு எண்ணிக்கை கொடுத்திருக்காரு, கொஞ்சம் இடிக்குது. புத்தகத்துல பின்னாடி குறிப்பு, பிழைதிருத்தம் அந்த மாதிரி ஏதாவது விட்டுப்போச்சா?’ என்று கேட்டான். ‘என் கைய தாண்டி ஒரு பக்கம் விட்டுப்போகுமா? அனுப்பினதுதான் புத்தகம். சும்மா தொந்தரவு பண்ணாத’ என்று சொல்லி வைத்துவிட்டேன். நாற்காலியைவிட்டு எழுந்திருக்கக்கூட இல்லை.

“அத அதிகாரிகிட்ட சொன்னியா?” என்று கேட்டேன்.

“எதுக்கு? நீ இருக்கிறததான் அனுப்பின. உன்ன எதுக்கு இதுல இழுக்கணும்?”

அன்று நான் எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று நினைவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்கு வந்ததும் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்தேன். பெரிதாக்கினேன். பெரிதாக்க ஆக்கக் கறுப்புக் கட்டங்களாகச் சிதறியது. மேலே ஒரு கோடு, இடது பக்கம் ஒரு கட்டி, கீழே கால். ச என்று நினைத்துப் பார்த்தால் ச. க என்று நினைத்துப் பார்த்தால் க. தம்பி ச பார்த்தான், அதிகாரி க பார்த்தார். நான் அரைமணி நேரம் பார்த்தேன், எனக்கு மாறி மாறித் தெரிந்தது. இந்தப் பக்கத்தைச் சரிபார்த்து ‘தெளிவாக உள்ளது’ என்று குறித்தவளும் நான்தான்.

கத்திக்காரரிடம் போய் அந்தப் புத்தகத்தின் தாள்கள் எங்கே என்று கேட்டேன்.

“அதெல்லாம் எப்பவோ போய்ச் சேந்துட்டாரு மேடம். இந்நேரம் அட்டைப்பெட்டியா மறுபிறவி எடுத்திருப்பாரு” என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். “ஏன், அதுல ஏதாவது விட்டுப்போச்சா?”

விட்டுப்போனதா என்று தம்பி கேட்ட அதே கேள்வி. அப்போதுதான் எனக்குப் பெட்டி நினைவுக்கு வந்தது.

பெட்டி என் மேசைக்கடியிலேயே இருந்தது. தினமும் அதன்மேல் கால் வைத்துத்தான் உட்காருவேன், உயரம் சரியாக இருக்கும். தரையில் உட்கார்ந்து உறைகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். நூற்றுக்கணக்கில் இருந்தன. எல்லாவற்றிலும் என் அழகான கையெழுத்து. அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் அந்தப் புத்தகத்தின் எண் வந்தது. ‘உதிரி ஒன்று. தேவையில்லை.’

உள்ளே நான்கு விரல் அகலத்தில் ஒரு துண்டுத் தாள். மஞ்சள் பாய்ந்து, ஓரம் பொடியும் பக்குவத்தில் இருந்தது. மேலே ‘பிழைதிருத்தம்’ என்று தலைப்பு. அந்தத் தலைப்பைப் பார்த்தது இப்போது எனக்கு நன்றாகவே ஞாபகம் வந்தது. பழைய புத்தகங்களில் அது சகஜம். ‘ன’ வரவேண்டிய இடத்தில் ‘ண’ வந்துவிட்டது, மன்னிக்கவும் என்று இரண்டு பக்கத்துக்குப் புலம்பியிருப்பார்கள். புத்தகத்தோடு சேர்த்துத் தைத்திருந்தால் வைப்போம். இது தைக்காமல் செருகி வைத்தது. தலைப்புக்குக் கீழே நான் படிக்கவில்லை. நூறு வருடம் அந்தத் தாள் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. எத்தனை பேர் கை மாறியும் யாரும் அதைத் தொலைக்கவில்லை. நான் தொலைத்தேன்.

இப்போது படித்தேன்.

‘௧௧௨-ஆம் பக்கம், ௯-ஆம் வரியில் ௪௦ முறை என்று அச்சாகியிருப்பதை ௧௦ முறை என்று கொள்க. அச்சுக் கோப்பவரின் கைப்பிசகு. புத்தகங்கள் தைத்து முடிந்தபின் இது கண்ணில் பட்டமையால் தனித்தாளாய் வைக்கலாயிற்று. இப்பிழையினால் உடலுக்குத் தீங்கு நேருமாதலின், இத்தாளைக் காண்போர் உடனே மையினால் திருத்திக்கொண்டு, அதன் பின்னரே மேற்செல்லும்படி மிகவும் வேண்டிக்கொள்ளப்படுகிறார்கள்.’

தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். தம்பி சரியாகப் படித்திருக்கிறான். நாற்பது என்று அச்சாகியிருந்தது, நாற்பது என்று படித்தான். அதற்கு இந்த உலகத்தில் மிச்சம் இருக்கும் ஒரே சாட்சி என் கையில் இருக்கிறது. அது எங்கே இருந்தது என்பதற்கும் அதே தாள்தான் சாட்சி.

உறையைக் கைப்பைக்குள் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன். நூலகத்திலிருந்து நான் எடுத்து வந்த முதல் பொருள் அது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் என்னென்ன யோசித்தேன் என்று சொல்லவே நா கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன். தாளை மட்டும் கொடுத்துவிட்டு உறையைக் கிழித்துப் போடலாம் என்று யோசித்தேன். வேறொரு பழைய புத்தகத்துக்குள் கிடந்தது என்று சொல்லலாம். கத்திக்காரர் வெட்டும்போது விழுந்திருக்கும் என்று சொல்லலாம். அவர் பாவம், எதிர்த்துப் பேசக்கூடத் தெரியாதவர். சனிக்கிழமை மத்தியானம் பால் காய்ச்ச அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, தாளோடு ஐந்து நிமிடம் நின்றேன். எரிந்தால் தம்பிக்கு என்ன புதிதாகப் போய்விடும்? அவன் கண் திரும்பி வரப்போவதில்லை. எனக்கோ அவன் ஒருவன்தான் இருக்கிறான். அம்மாவும் அப்பாவும் போனபிறகு என்னை ‘அக்கா’ என்று கூப்பிட வேறு நாதியில்லை. இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டு வாதாடினேன். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. அதைத் துடைக்கும்போதுதான் அவன் மேசையை உள்ளங்கையால் அழித்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. தாளைத் திரும்ப உறைக்குள் வைத்தேன்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் போனேன். அதிகாரி பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். தம்பி சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தான். மேசையில் அறிக்கை, அதன்மேல் ஒரு மைப்பேனா. தாளின் கீழே ஓர் ஓரம் மடித்திருந்தது.

“அந்த மடிப்புக்கு மேல போடணுமாம்” என்றான். “தடவிப் பாத்து பழகிட்டேன். கோணாம வரும்.”

“கையெழுத்து போடாதடா” என்றேன். “ஒரு தாள் கிடைச்சிருக்கு. படிக்கிறேன், கேளு.”

நின்றுகொண்டே படித்தேன். தலைப்பிலிருந்து கடைசி வரி வரைக்கும்.

“மறுபடி படி” என்றான்.

படித்தேன்.

“அந்த எண்ண மட்டும். அச்சாகியிருப்பதைங்கிற இடம்.”

“நாப்பது முறை என்று அச்சாகியிருப்பதை.”

அவன் எழுந்துவிட்டான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. “ஏய், இங்க ஓடி வா! நாப்பதுதான்! நாப்பதுதான் போட்டிருக்கு! அச்சு போட்டவன் தப்பு! நான் சரியாத்தான் படிச்சிருக்கேன்!” சமையலறையிலிருந்து ஓடி வந்தவளின் கையைத் தேடிப் பிடித்து உலுக்கினான். “கேட்டியா? என் கண்ணு நல்லாத்தான் இருந்திருக்கு!”

அவன் சிரித்தான். நான்கு மாதத்துக்குப் பிறகு, பழைய பாதரசம் சிரிப்பது போலவே சத்தமாகச் சிரித்தான். தம்பி மனைவி அவன் தோளில் முகத்தை வைத்து அழுதாள். எனக்கும் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. இது பொய்யில்லை. இதோடு விட்டுவிட மாட்டானா, இப்படியே இந்த நிமிடம் முடிந்துவிடாதா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவன் சிரிப்பு மெதுவாக நின்றது. நாற்காலியைத் தடவி எடுத்து நிறுத்தி உட்கார்ந்தான்.

“இது எங்க கிடைச்சுது?”

“அந்தப் புத்தகத்துல இருந்ததுதான்.”

“புத்தகந்தான் கூழாயிடுச்சே.”

கைப்பையிலிருந்து உறையை எடுத்தேன்.

“உன் பெட்டியிலயா?”

“ஆமா.”

“உறையில போட்டு வச்சிருந்தியா?”

“ஆமாடா.”

“உறைமேல எழுதுவியே. அத படி.”

உறையைத் திருப்பினேன். புத்தகத்தின் எண்ணைப் படித்தேன். தேதியைப் படித்தேன். “உதிரி ஒன்று” என்று படித்தேன். அடுத்த சொல் வரவில்லை. தம்பி மனைவி என் கையிலிருந்து உறையை வாங்கிப் படித்தாள். “தேவையில்லை” என்றாள். படித்த பிறகுதான் அவளுக்கு அர்த்தம் உறைத்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“தேதி இன்னொரு தடவ சொல்லு” என்றான் அவன்.

அவள் சொன்னாள்.

உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டான். “நான் ஃபோன் பண்ணினதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி. அப்ப நான் கேக்கும்போது, இது உன் காலடியிலதான் இருந்திருக்கு.”

“ஆமா.”

“குனிஞ்சு எடுத்திருந்தா போதும்.”

“ஆமாடா. என்ன திட்டு. அடிச்சாலும் சரி. எனக்குத் தலைக்கனம். நான்தான் உன் கண்ண...”

“கொஞ்சம் சும்மா இரு.”

தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துத் திறக்கும் சத்தம் கேட்டது. அவன் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. ஆனால் என் தலைக்குக் கொஞ்சம் மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

“அந்தாளு கடைசியில என்ன எழுதியிருக்காரு? மையால...”

“உடனே மையினால் திருத்திக்கொண்டு, அதன் பின்னரே மேற்செல்லும்படி மிகவும் வேண்டிக்கொள்ளப்படுகிறார்கள்.”

“ம்.” மனைவி பக்கம் திரும்பினான். “ஆபீஸ்லேர்ந்து என் பைய குடுத்தாங்களே, அதுல அந்தப் பக்கம் இருக்கும். எடுத்துட்டு வா.”

கொண்டுவந்தாள். நான் அனுப்பிய கோப்பிலிருந்து அவன் அச்சடித்த தாள். நான்காக மடிந்து, தண்ணீர் பட்டு நெளிந்திருந்தது. ஒரு மூலையில் பழுப்புக் கறை. அது தண்ணீர்க் கறை இல்லை.

“திருத்து அக்கா. அவரு அவ்வளவு தூரம் வேண்டிக் கேட்டிருக்காரு. யாருமே செய்யல.”

அவன் கையெழுத்துக்காக வைத்திருந்த பேனாவைத்தான் எடுத்தேன். ஒன்பதாம் வரியில் அந்தக் கறுப்புக் கட்டியைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் ௧௦ என்று எழுதினேன். ஒன்றின் கால் வளைந்துவிட்டது.

“திருத்திட்டியா?”

“திருத்திட்டேன்.”

“கையில எழுதிக் காட்டு.”

உள்ளங்கையை நீட்டினான். எழுதினேன். முடிக்கும்வரை கையை அசைக்காமல் வைத்திருந்தான். பிறகு இழுத்துக்கொண்டு மடியில் வைத்துக்கொண்டான்.

“பதினோரு மணிக்கு அவரு வருவாரு. தாளையும் உறையையும் நீயே உன் கையால குடு. உறைய விட்டுட்டு குடுக்காத. தைக்காதது புத்தகமில்லன்னு அவங்களும் சொல்லிடப் போறாங்க.”

“குடுக்கிறேன்.”

“ஃபோன் பண்ணினதையும் சொல்லு.”

“சொல்றேன்டா.”

“சொல்லிட்டுக் கெளம்பு. அதுக்கப்புறம் இங்க வராத அக்கா.”

மணி ஒன்பதரைகூட ஆகவில்லை. அதிகாரி வரும்வரை அவனுக்கு எதிர் நாற்காலியில், உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒருமுறை தம்பி மனைவி காபி போட்டு எடுத்து வந்தாள். ஒரு டம்ளர்தான் கொண்டுவந்தாள்.